விதையில்லாத நான்கு செடிகள்

முதலில் தண்ணீர். ஆர்டிஸ் ட்வேட்டன் கைத்தெளிப்பானைச் செடியின் உச்சியிலிருந்து அடிவரை மூன்று முறை அடிக்கிறார். இலை நுனியில் நீர் சொட்டத் தொடங்கிய பிறகே பக்கத்தில் போகிறார். அடுத்தது பை. குப்பை அள்ளும் பெரிய கறுப்புப் பையைச் செடியின் தலையில் மெல்லக் கவிழ்த்து, கீழே இழுத்து, கயிற்றால் கட்டுகிறார். அரிவாள் கடைசியில்தான் வெளியே வரும். சாலையோரப் பள்ளத்தில் ஏழடி உயரம் நின்ற ஆண் கஞ்சாச் செடி, தன் மகரந்தத்தில் ஒரு துகள்கூடச் சிந்தாமல் அவர் தோள்மேல் சாய்கிறது.

"நூத்தி எட்டு," என்கிறார், கேட்க ஆளில்லாவிட்டாலும்.

ஜூலை மூன்றாம் வாரம், காலை ஆறு மணி. தலையில் குளியலறைத் தொப்பி, மேலே மழைச்சட்டை, காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் தெற்கு மூலையில் அந்தச் சாலை வழியாகப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. லாரி ஓட்டுபவர்கள் திசைமாற்றியிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார்கள். ஆர்டிஸும் ஒரு விரலை உயர்த்துவார். அதுதான் அங்கே வணக்கம்.

அந்தப் பள்ளங்களில் நிற்பது யாரும் விதைத்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் கயிற்றுக்காகப் பயிரிட்டார்கள். போர் முடிந்தது, பயிர் முடியவில்லை. எண்பது குளிர்காலம் உறைந்து, எண்பது கோடை முளைத்து, சாலையோரம், ஓடைக்கரை, தண்டவாளம் என்று இஷ்டம்போல் பரவிவிட்டது. புகைத்தால் தலைவலியைத் தவிர ஒன்றும் கிடைக்காது. ஊரில் அதைப் பள்ளக் கஞ்சா என்பார்கள். ஆனால் அதன் ஆண் செடிகளில் வெடிக்கும் மஞ்சள் தூள், நல்ல செடியின் பெண்பூவில் வந்து உட்கார்ந்தால் போதும். பூ போதை தரும் பிசினைச் சுரப்பதை விட்டுவிட்டு விதை கட்டத் தொடங்கிவிடும். ஒரு வருட உழைப்பு பறவைத் தீனியாகிவிடும்.

ஆர்டிஸுக்கு வயது அறுபத்து நான்கு. முப்பத்தோரு கோடை, விதைச்சோளம் வளர்க்கும் கம்பெனி ஒன்றில் ஆண்பூ ஒடிக்கும் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்தவர். நான்கு வரிசை தாய்ச் சோளம், ஒரு வரிசை தந்தைச் சோளம் என்று நட்டிருப்பார்கள். தாய் வரிசையில் தலைகாட்டும் ஆண்பூ ஒவ்வொன்றையும் மகரந்தம் உதிருமுன் கையால் பிடுங்கியாக வேண்டும். பரிசோதகர் வந்து நூறு செடி எண்ணுவார். ஒன்று தப்பியிருந்தால் புருவம் தூக்குவார். இரண்டு தப்பியிருந்தால் வயல் போயிற்று. தாவர நூல் எதையும் ஆர்டிஸ் படித்ததில்லை. மகரந்தம் எந்த நேரத்தில் கிளம்பும், எந்தக் காற்றில் எவ்வளவு தூரம் போகும், எந்த ஈரத்தில் சாகும் என்பதெல்லாம் அவருக்குத் தோலில் தெரியும். கஞ்சாவும் அவருக்குச் சோளம் மாதிரிதான். "எல்லாம் ஒரே சமாச்சாரம். ஆம்பளைங்களை நேரத்துக்கு வெளியேத்தணும், அவ்வளவுதான்," என்பார்.

பள்ளத்திலிருந்து திரும்பினால் நேரே செடியிடம் போக மாட்டார். வண்டிக்கொட்டகையில் மழைச்சட்டையைக் கழற்றி வாளித் தண்ணீரில் அமிழ்த்துவார். உள்ளே போய்த் தலைக்குக் குளிப்பார். காது மடலின் பின்புறத்தைத் துணியால் துடைப்பார். வேறு உடுப்பு, வேறு செருப்பு. அதன் பிறகே பின்கதவைத் திறந்து, "என்ன பொண்ணுங்களா," என்பார்.

பொண்ணுங்கள் நால்வர். சட்டப்படி ஒரு வீட்டில் எட்டுச் செடி வைக்கலாம். அதில் நான்குதான் பூக்கலாம். வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி, பூட்டுப் போட்ட கம்பி வேலிக்குள், ஆளுயரத்துக்கு நிற்கின்றன. கீழ்க்கிளைகள் கம்பி இடுக்கு வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் கிடைக்கும் ரகங்கள் அக்டோபர் நடுவில்தான் முற்றும். அந்த ஊரில் செப்டம்பர் இருபதுக்குள் முதல் உறைபனி விழுந்துவிடும். ஆறு வருடமாக முந்தி முற்றுவதையே பொறுக்கிப் பொறுக்கி, ஆர்டிஸ் தன் செடிகளைச் செப்டம்பர் பதின்மூன்று வரைக்கும் இழுத்து வந்திருக்கிறார். பள்ளத்துச் செடியோ ஆகஸ்ட் கடைசியிலேயே கடையைக் கட்டிவிடும். அதை வெட்டிக்கொண்டே அதைப் பாராட்டவும் செய்வார். "ஒண்ணுத்துக்கும் உதவாதது. ஆனா நம்ம ஊர் குளிரு எப்போ வரும்னு அதுக்குத் தெரியும்."

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை, நூலகத்தின் பின்னறையில் வீட்டில் கஞ்சா வளர்ப்போர் பதினொரு பேர் கூடுகிறார்கள். காப்பி இருக்கும், தட்டு நிறைய ஓட்ஸும் சாக்லெட்டும் சேர்த்துச் சுட்ட வில்லைகள் இருக்கும். பதினொருவரில் பத்துப் பேர் நிலவறையில் விளக்குப் போட்டு வளர்ப்பவர்கள். அவர்களுக்குத் தலைவர்போல இருப்பவர் வேட் க்ரூகர், பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்ப்பவர். எதையும் உருப்பெருக்கியில் பார்த்தே நம்புவார்.

மே மாதக் கூட்டத்தில் அவர், "ஆர்டிஸ், இந்த மாவட்டத்துல வெளிய வெச்சு விதையில்லாம எடுக்கவே முடியாதுங்க. அந்தத் தூள் பத்து மைல் பறக்கும்," என்றார்.

"பறக்கும். பறந்து வர்றதுக்குள்ள பாதி செத்துப்போகும். மீதிய நான் பாத்துக்கறேன்."

"போன வருஷம் உங்க பூவுல நாலு விதை எண்ணினேன்."

"அஞ்சு. ஒண்ணை நீ விட்டுட்ட." ஆர்டிஸ் காப்பியை ஒரு வாய் குடித்தார். "இந்த வருஷம் ஒரு விதை கிடைச்சாலும் நான் கீழ் ரூமுக்கே போயிடறேன், போதுமா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நிலவறை என்றால் அவருக்கு ஆகாது. புயல் எச்சரிக்கைச் சங்கு ஊதும்போதுகூட மேல்படியிலேயே உட்கார்ந்திருப்பார். காற்றும் பருவமும் இல்லாத இடத்தில் பயிர் செய்வது, தொட்டியில் மீன் பிடிப்பது மாதிரி என்று நினைப்பவர்.

சொன்னதைக் காப்பாற்ற ஒரு இடம்தான் பாக்கி. வீட்டுக்கு வடமேற்கே, சாலைக்கு அப்பால், ஓர்லின் ஸ்ட்ரூமின் சதுப்பு நிலம். நான்கு ஏக்கரில் நாணலும் பள்ளக் கஞ்சாவும் தலைக்குமேல் நிற்கின்றன. போன வருடம் அதற்குள் இறங்கி ஆண் செடி அத்தனையையும் எடுத்துவிட்டார். இந்த வருடமும் கேட்க வேண்டும்.

ஓர்லின் தன் லாரியைச் சாலையில் நிறுத்தி, சன்னல் வழியே முழங்கையை வெளியே போட்டார். எழுபது வயது; நாற்பது வருடமாக எதிர்வீடு. பின்னிருக்கையில் மாபெல், அவருடைய வேட்டை நாய்.

"எப்படிப் போகுது ஆர்டிஸ்?"

"மோசமில்ல. உனக்கு?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல."

மழையைப் பற்றிப் பேசினார்கள். சோயாவின் இலையில் விழுந்த ஓட்டையைப் பற்றிப் பேசினார்கள். இருபது நிமிடம் கழித்து ஆர்டிஸ், "உன் சதுப்புல ரெண்டு மூணு காலைக்கு இறங்கிக்கலாம்னு பாத்தேன்," என்றார்.

"ம்ம்." ஓர்லின் திசைமாற்றியின் மேல் விரலால் தட்டினார். "போன வருஷம் இறங்கின இல்ல."

"இறங்கினேன். எரநூத்திப் பதினாலு எடுத்தேன்."

"ஆம்பளை ஒண்ணைக்கூட விடல நீ. பொம்பளைச் செடி எல்லாம் நல்லாதான் நின்னுச்சு. விதைதான் பிடிக்கல." பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். "ஃபெசன்ட் காட்டுக்கோழி அந்த விதைக்குத்தான் வரும். பனி விழுந்தப்புறம் நானும் மாபெலும் ஒம்பது தடவை நடந்தோம். ரெண்டு கோழி பாத்தோம். ரெண்டும் பெட்டை, சட்டப்படி சுடவும் முடியாது. அது கொஞ்சம்... வித்தியாசமா இருந்துச்சு."

அந்த ஊரில் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். வித்தியாசமாக இருந்தது என்பார்கள். அதற்குமேல் கடுமையான சொல் அவர்களிடம் கிடையாது. ஆர்டிஸுக்குப் புரிந்தது. மறுபடி கேட்கவில்லை.

"சுக்கினிக் காய் வேணுமா?" என்றார்.

"வேண்டாம், இருக்கட்டும்."

"செடியில நிறைய காய்ச்சிருக்கு."

"உனக்கு எதுக்கு சிரமம்."

"ரொட்டியா சுட்டு வெச்சிருக்கேன். சிரமமில்ல."

"சரி, அப்போ ஒண்ணு குடு."

ரொட்டியை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டு, வீட்டுக்குள் போய் நாட்காட்டியைப் பார்த்தார் ஆர்டிஸ். சதுப்பில் இருநூறு ஆண் செடிகள் இன்னும் பத்து நாளில் வெடிக்கும். ஆகஸ்ட் முழுக்கத் தூள் கிளம்பும். அந்த மாதத்தில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து; அது பயமில்லை. குளிர்ந்த காற்று இறங்கும் நாட்களில்தான் வடமேற்கு. அப்படி எட்டு, மிஞ்சினால் பத்து நாள் வரும். அந்த நாட்களிலும் காலைப் பனி உலர்ந்த பிறகு, எட்டு மணி முதல் உச்சிவரைதான் தூள் பறக்கும். மொத்தம் நாற்பது மணி நேரம். "நாப்பது மணி நேரம் சமாளிக்க முடியாதா," என்று அடுப்பு மேடையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

தேவாலயத்தின் பழந்துணி விற்பனையில் இரட்டைக் கட்டில் விரிப்புகள் ஒன்பது வாங்கினார். சாலைக்கும் செடிக்கும் நடுவே துணி உலர்த்தும் கம்பி இரண்டை முன்னும் பின்னுமாக இழுத்துக் கட்டினார். வானொலி வடமேற்குக் காற்று என்று சொல்லும் காலையெல்லாம், விரிப்புகளை நனைத்துச் சொட்டச் சொட்டத் தொங்கவிட்டார். அரைமணிக்கு ஒருமுறை குழாயால் மறுபடி நனைத்தார். முதல் நாள் மதியம் ஒரு விரிப்பின் வெளிப்புறத்தில் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது. உள்ளே தொங்கிய இரண்டாம் வரிசையில் தேய்த்தார். விரல் வெறும் ஈரமாக இருந்தது.

ஞாயிறு வழிபாடு முடிந்து காப்பி குடிக்கும்போது, ஆர்கன் வாசிக்கும் லவோன் கேட்டாள்: "ஆர்டிஸ், நீ ஒண்டியாதானே இருக்க? தினம் ஒம்பது விரிப்பு காயப்போடறியே, யாரு படுக்கறாங்க?"

"நாலு பொண்ணுங்க இருக்காங்க. நாலும் நின்னுக்கிட்டேதான் தூங்கும்."

"அப்போ ஒம்பது எதுக்கு?"

"ஒழுக்கமா வளக்கறேன், லவோன். ஆம்பளை வாடையே படக்கூடாது."

பாதிரியார் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி தெற்குக் காற்று. விரிப்புகளுக்கு ஓய்வு. ஆர்டிஸ் செடிகளின் கீழ்க்கிளைகளில் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பூக்களில் வெள்ளை முடி இப்போதுதான் கிளம்பியிருந்தது. தூளுக்கு ஏங்கி நிற்கும் பருவம். அப்போதுதான் ஓர்லின் ரொட்டி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அங்கே டப்பாவை வெறுமையாகத் திருப்புவது வழக்கமில்லை. உள்ளே ஆறு சோளக்கதிர் வைத்திருந்தார். வேட்டைப் பருவத்துக்கு மாபெலின் கால்களைப் பழக்க வேண்டும் என்று, சாலையை விட்டுச் சதுப்பின் குறுக்கே நடந்து வந்திருந்தார்.

முதலில் வந்தது மாபெல்தான். கறுப்பு நாய். முதுகு முழுக்க மஞ்சள்.

ஆர்டிஸ் திரும்புவதற்குள் அது நிழல் தேடி வேலியோரமாகப் போய், மேற்குக் கோடிச் செடியின் கீழே ஒருமுறை உடம்பைத் தேய்த்துவிட்டு, சுகமாகப் பெருமூச்சு விட்டுப் படுத்தது. வேலிக்கு வெளியே நீட்டியிருந்த கீழ்க்கிளை இரண்டு முறை ஆடி நின்றது.

"ஓர்லின். அசையாத," என்றார் ஆர்டிஸ். குரல் உயரவில்லை. அறுபது பேரை ஒரே சொல்லில் நிறுத்திய பழைய வயல் குரல் அது. ஓர்லின் ஒரு காலை முன்வைத்தபடியே நின்றுவிட்டார்.

குழாயைத் திறந்தார். முதலில் செடி, கீழ்க்கிளையின் மேலும் கீழும். பிறகு நாய். பிறகு ஓர்லின்.

"ஆர்டிஸ், குளிருது."

"தெரியும்."

"பையில செல்போன் இருக்கு."

"வெளிய எடு. இப்போ அந்தப் பக்கம் திரும்பு. தொப்பியைக் கழட்டு."

"சோளத்தையாவது கீழ வெச்சுடறேனே."

"அதுவும் நனையட்டும்."

முப்பத்தோரு வருடம் காற்றைக் கணக்குப் போட்டவர், நாயைக் கணக்கில் சேர்க்கவில்லை. சோள வயலுக்குள் யாரும் நாயோடு வந்ததில்லை. தலையிலிருந்து தண்ணீர் வழிய நின்ற ஓர்லின் நடந்ததைப் புரிந்துகொண்டு, தொப்பியைப் பிழிந்தார்.

"நான் வேணும்னு செய்யல."

"தெரியும்பா."

"அந்தக் கிளையை வெட்டிடேன். ஒரு கிளைதானே. யாருக்குத் தெரியப்போகுது."

ஆர்டிஸ் கிளையைத் தொடாமல் குனிந்து பார்த்தார். நனைந்த வெள்ளை முடிகள் ஒட்டிக் கிடந்தன. "முப்பது செகண்டுக்குள்ள தண்ணி அடிச்சுட்டேன். தூள் செத்திருக்கும். வெட்டிட்டா அது செத்துச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற?"

ஆர்டிஸ் சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சு நிற நாடாவை எடுத்து, சந்தேகப்பட்ட வரிசைக்கு வயலில் கட்டுவதுபோல அந்தக் கிளையில் ஒரு முடிச்சுப் போட்டார். தேதியும் எழுதினார். மாபெல் உடம்பைச் சிலிர்த்து இருவரையும் இன்னொரு முறை நனைத்தது.

அதற்குப் பிறகு மூன்று முறை வடமேற்குக் காற்று வீசியது. மூன்று முறையும் விரிப்புகள் தொங்கின. செப்டம்பர் பதினொன்றாம் தேதி வானொலி உறைபனி எச்சரிக்கை சொன்னது. மறுநாளும் அதையே சொன்னது. அக்கம்பக்கத்தார் தக்காளியைப் பழைய போர்வையால் மூடினார்கள். ஆர்டிஸ் பூக்களின் பிசினைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, "இன்னும் ஒரு பகல்," என்றார். பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் நான்கு செடியையும் அறுத்து மாடியறையில் தலைகீழாகக் கட்டினார். மறுநாள் காலையில் புல் வெள்ளையாக இருந்தது. சாலைக்கு அப்பால் சதுப்பில் ஃபெசன்ட் சேவல் ஒன்று இரட்டைக் குரலில் கத்தியது.

நாடா கட்டிய கிளையை அவர் தனியாகத் தொங்கவிட்டார். உலர்ந்தபின் ஒருமுறை விரலால் அழுத்தினார். மற்ற பூக்களெல்லாம் பஞ்சாய் அமுங்கின. இதில் நடுவே கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. அப்புறம் அவர் அதை அழுத்திப் பார்க்கவில்லை.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை நூலகப் பின்னறையில் நான்கு கண்ணாடிச் சீசாக்களை மேசைமேல் வைத்தார். வேட் உருப்பெருக்கியைத் துடைத்துக்கொண்டு வெள்ளைக் காகிதத்தை விரித்தார். ஒவ்வொரு சீசாவிலிருந்தும் மூன்று பூவாக எடுத்து, பிரித்து, உதிர்த்து, காகிதத்தைச் சாய்த்தார். விதை இருந்தால் உருண்டு ஓடும். எதுவும் உருளவில்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று. பத்துப் பேரும் தட்டிலிருந்த வில்லைகளை மறந்துவிட்டார்கள்.

"ஒண்ணுமில்லை," என்றார் வேட். கண்ணாடியைக் கீழே வைத்தார். "நாலுலயும் ஒண்ணுமே இல்லை. எப்படிங்க செஞ்சீங்க? பரவாயில்லையே."

"மோசமில்ல," என்றாள் மூலையிலிருந்த ஒரு பெண். அந்த அறையில் அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

ஆர்டிஸ் தன் கோட்டை மடியில் இழுத்து, உட்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். நாடா கட்டிய கிளையைக் காகிதத்தின் நடுவில் வைத்தார்.

"இதையும் பாரு."

வேட் பிரித்தார். முதல் விதை காகிதத்தில் உருண்டு ஓரத்தில் நின்றது. பிறகு இன்னொன்று. வேட் பிரித்துக்கொண்டே போனார். எண்ணி முடித்தபோது பதினேழு.

"இது எந்தச் செடியில?"

"மேக்கால கடைசி. எதிர்வீட்டு நாய் வந்து ஒரசிட்டுப் போச்சு. தண்ணி அடிச்சேன், போதல."

"நாயா?" யாரோ சிரித்தார்கள். வேட் சிரிக்கவில்லை, நிம்மதியோடு நிமிர்ந்தார். "அப்போ இது கணக்குல வராதுங்க. காத்துலதானே நம்ம பேச்சு. காத்துல ஒண்ணுகூட வரலியே. நீங்க இதைக் கொண்டே வந்திருக்க வேண்டாம்."

"நான் காத்துன்னு சொல்லல. ஒரு விதைன்னு சொன்னேன்."

"ஆர்டிஸ், நிஜமாவா? அடுத்த வருஷம் கீழ் ரூமா?"

"பூக்கற நாலும் கீழ் ரூம்தான். சொன்னா சொன்னதுதான். நீ விளக்கு எங்க வாங்கினன்னு எழுதிக் குடு."

வேட் தயங்கிப் பேனாவைத் தேடினார். எல்லோரும் நாற்காலிகளை நகர்த்தினார்கள். ஆர்டிஸை நேராகப் பார்க்காமல் இருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. ஆர்டிஸ் காகிதத்தில் கிடந்த விதைகளை ஆள்காட்டி விரலால் விளக்கு வெளிச்சத்துக்குத் தள்ளினார். பழுப்பு நிறம், மேலே கறுப்புக் கோடு. ஒன்றை எடுத்து முன்பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தார். தெளிவாக ஒரு சத்தம் கேட்டது. உடைந்ததைக் கையில் உமிழ்ந்து, விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். உள்ளே பருப்பு வெள்ளையாக, ஓடு நிறைய, முழுதாக முற்றியிருந்தது. ஆகஸ்ட் ஒன்பதிலிருந்து செப்டம்பர் பதின்மூன்று வரை விரல்விட்டு எண்ணினார். ஐந்து வாரம். பாதி தன் செடி, பாதி ஊர்க் குளிர் எப்போது வரும் என்று தெரிந்த பள்ளத்துச் செடி.

வேட் கடையின் பெயரை எழுதி நீட்டினார். அதை வாங்க ஆர்டிஸுக்குக் கை ஒழியவில்லை. மிச்சம் பதினாறையும் உள்ளங்கையில் கூட்டி, சட்டைப்பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தார்.